முன்பின் தெரியாத நம்பர்

வள்ளவிளையில் எல்லாருக்கும் தெரியும்
நான் எந்தப் போனையும் எடுப்பேன் என்று.
எழுந்தேற்ற மணி அடிக்கையில்கூட
முக்காட்டுக்குள் வைத்து எடுத்திருக்கிறேன்.
"வாழ்த்துகள்! உங்களுக்கு ஐந்து லட்சம் வரை
தனிநபர் கடன் ஒப்புதலாகியுள்ளது.
தொடர ஒன்றை அழுத்தவும்."
அச்சன் திரும்பிப் பார்த்தார்.

கிளீட்டஸ் தங்கலுக்குப் போனால் நாற்பது நாள்.
அவர் போன் முதல் வாரமே உப்பில் சாகும்.
பிறகு கொச்சியோ ரத்னகிரியோ வேராவலோ
ஐஸ் ஏற்ற எந்தத் துறையில் ஒதுங்கினாலும்
டீக்கடைக்காரன், டீசல் போடுகிறவன்,
பக்கத்துப் போட்டின் சமையல்காரன்
யாரிடமாவது இரந்துதான் கூப்பிடுவார்.
இருபது நொடி.
"ஓய், இருக்கியா? பிள்ளையள்?"
அவ்வளவுதான்.
ஆகவே எனக்குத்
தெரிந்த நம்பர்களால் ஒரு காரியமும் இல்லை.
தெரியாத நம்பரில்தான் புருஷன்.

ஒரே நாளில் பதினேழு எண்ணியிருக்கிறேன்.
முழங்கால் வலிக்கு எண்ணெய்.
தோவாளைப் பக்கம் மனை, மூன்றே பாக்கி.
கேஒய்சி முடிந்துவிட்டது, இன்றிரவு கணக்கு முடங்கும்.
கரண்ட் பில் கட்டவில்லை, ஒன்பதரைக்கு வெட்டுவோம்.
(அன்றைக்குக் காலையிலிருந்தே கரண்ட் இல்லை.
"வெட்டுங்க மக்ளே, கிடைச்சா வெட்டுங்க" என்றேன்.)
பதிவு செய்த பெண் ஒருத்தி, பேர் காவ்யா,
தினம் நாலரைக்கு வருவாள்.
மீன் கழுவிய கையோடு "யாரு, அவியளா?" என்பேன்.
நான் பேச இடமே விடாமல்
சிரித்துக்கொண்டே கார்டு தருவாள்.

எதிர்வீட்டு ஜெஸ்வின் பாவப்பட்டு
ஒரு ஆப் போட்டுத் தந்தான்.
"இனி தொந்தரவே இருக்காது மாமி."
இரண்டு நாள் வீடு காயல் மாதிரிக் கிடந்தது.
மூன்றாம் நாள் இரவிபுத்தன்துறையிலிருந்து
டெலஸ்போரின் தம்பி நேரில் வந்தான்:
"மச்சான் எட்டு தடவ அடிச்சாராமே, எடுக்கலியா?"
ஆப்பை அழிக்க எனக்குத் தெரியவில்லை.
ஜெஸ்வின் ட்யூஷன் விட்டு வரும்வரை
அவன் வீட்டுப் படியில் நின்றேன், போனைக் கையில் பிடித்து,
அடிபட்ட கோழியைப் பிடிக்கிற மாதிரி.

இந்தத் தடவை பன்னிரண்டு நாள் சத்தமில்லை.
காற்று திரும்பியிருந்தது.
பங்கு ஆபீஸ் வாசலில் ஆம்பளையள்
மேற்கே கையைக் காட்டி ஏதோ பேசி
என்னைக் கண்டதும் சந்தை விலைக்கு மாறினார்கள்.
அப்போது ஒரு கால்.
"டெல்பினாதானே? ரத்னகிரி போலீஸ் ஸ்டேஷன்.
உங்க ஹஸ்பண்ட் கிளீட்டஸ் போட்டில் கஞ்சா.
நாற்பத்திரண்டாயிரம் அனுப்பினால் கேஸ் இல்லை.
யாரிடமும் சொல்லக் கூடாது. லைனை வெட்டக் கூடாது."

எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை.
சத்தியமாகச் சொல்கிறேன்.
லாக்கப்புக்குத் தரை உண்டு.
கம்பி உண்டு, பிடித்துக்கொள்ளலாம்.
ஒக்கி அடித்த வருஷம் எத்தனை வீட்டில்
இப்படி ஒரு லாக்கப்பைக் கேட்டு
முழங்காலில் நின்றோம்!
"இருக்காரா சார்? உயிரோட இருக்காருல்லா?"
திருடனுக்கு நன்றி சொல்லிக்கொண்டே
வளையலைக் கழற்றிவிட்டேன்.
அவன் போனை யாரிடமோ கொடுத்தான்.
ஒரு ஆம்பளைக் குரல் அழுதது.
"டெல்பினா... டெல்பினா... பணம் அனுப்பு."

நல்ல அழுகை. குறை சொல்ல முடியாது.
ஆனால் பத்தொன்பது வருஷத்தில்
அவர் வாயில் என் பேர் வந்ததில்லை.
கல்யாணத்தன்று அச்சன் சொல்லிக் கொடுத்தபோதே
அதை விழுங்கிவிட்டு "இவள" என்றார்,
கோயிலே சிரித்தது.

வெட்டினேன்.

பணம் தப்பியது என்று ஜெஸ்வின் கைகொடுத்தான்.
சைபர் போலீசுக்குப் புகாரும் எழுதித் தந்தான்.
நஷ்டம் எவ்வளவு என்ற கட்டத்தில்
சைபர் போட்டான்.
நான் திருத்தவில்லை.
ஒன்றரை நிமிஷம்
அவர் கரையில் இருந்தார்.
நான்தான் இந்த விரலால் அழுத்தி
மறுபடி கடலில் இறக்கினேன்.

இப்போது நாலரை.
அடிக்கிறது. புது நம்பர்.
செதில் கையை நைட்டியில் துடைத்துவிட்டு எடுக்கிறேன்.
அந்தப் பக்கம் ஒன்றுமில்லை, இரைச்சல் மட்டும்,
காற்றா மெஷினா தெரியவில்லை.
காவ்யாவும் சிரிக்கும் முன் இப்படித்தான்
கொஞ்சம் நிற்பாள்.

"ஓய்" என்று
நானே சொல்லிப் பார்க்கிறேன்.